தேங்காய்நார் நாண்

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முன்பு அடைக்கலம் என்று ஒருவர் இருந்தார். தேங்காய் நாரில் கயிறு திரிப்பது அவர் தொழில். அவர் திரித்த கயிறு எந்தக் கிணற்றிலும் அறுந்ததாகப் பேச்சே இல்லை. ஆனால் 'அடைக்கலம் நல்லாக் கயிறு திரிப்பார்' என்று ஊரார் சொல்லும்போது அதில் இரண்டு அர்த்தம் இருக்கும். இரண்டையும் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

"பகல்ல நாருல திரிப்பேன், சாயங்காலம் நாக்குல திரிப்பேன்" என்பார்.

அவருடைய ஒரே மகள் செவ்வந்தியை மலைமேல் ஊரில் பேச்சிமுத்து என்பவரின் மகனுக்குப் பேசி முடித்தார்கள். பேச்சிமுத்து வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய கடமான் கொம்பு ஒன்று மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வில். நிச்சயத்தன்று வெற்றிலை மடித்துக்கொண்டே பேச்சிமுத்து பெருமையாகச் சொன்னார்: "எங்க வம்சத்துல வில்லு தூக்காத ஆம்பளையே கிடையாது, அண்ணாச்சி."

அடைக்கலம் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நானும் ஒரு காலத்துல கடமான் அடிச்சவன்தான்" என்றார்.

"அப்படிப் போடுங்க! அப்போ கல்யாண விருந்துக்குக் கடமான் உங்க கையால" என்றார் பேச்சிமுத்து. சபையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். அடைக்கலத்தின் மனைவி மாடத்தி மட்டும் ஆட்டவில்லை.

திரும்பி வரும் வழியில் அவள் வாயைத் திறந்தாள். "நீங்க எலி அடிச்சே நான் பார்த்ததில்லையே."

"ஏதோ ஒரு வேகத்துல வந்துட்டு."

"நீங்க சொல்லிட்டு வந்துருவீங்க. நம்ம பிள்ளை போற வீடுல்லா அது? அங்க எதுக்கெடுத்தாலும் 'புளுகன் மக'ன்னு அவளைத்தான குத்திக் காட்டுவாங்க?"

மகள் என்றால் அடைக்கலத்துக்கு உயிர். தன்னை யாரும் என்னவும் சொல்லலாம், அதற்கெல்லாம் அவர் பழகிவிட்டார். ஆனால் தன் வாய்க்கொழுப்புக்குச் செவ்வந்தி தலைகுனிவதா?

சந்தையில் ஒரு வில்லும் ஓர் அம்பும் வாங்கி வந்தார். வில் பழையது, பல கைகளைப் பார்த்தது. அதற்கு நாண் மட்டும் இல்லை. கயிறு திரிப்பவருக்கு நாண் ஒரு பெரிய விஷயமா? நல்ல நாராகப் பார்த்து எடுத்து, கட்டை விரல் தடிமனுக்கு முறுக்கேற்றிக் கட்டினார்.

வில் குனிந்து பார்த்தது. "என்னய்யா இது? என்னை வச்சு மாடு கட்டப் போறீரா?"

"கயிறுன்னா உறுதியா இருக்க வேண்டாமா?"

"கயித்துக்குப் பிடிக்கத் தெரிஞ்சாப் போதும். நாணுக்கு விடத் தெரியணும். அது வேற வித்தை."

கயிறு இடையில் புகுந்தது. "நாணா? என்னையா சொல்லுத? நாண்னா வெட்கம்னுல்லா அர்த்தம்?"

"அதுவும்தான். இவர்கூட வேட்டைக்கு வந்தேன்னா ரெண்டு அர்த்தத்துக்கும் வேலை இருக்கும்" என்றது வில்.

அம்புக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை. அது புதியது, நுனி பளபளத்தது. "என்னை ஒரு தடவை விட்டுப் பாருங்க. கடமான் நெஞ்சுல போய்த்தான் நிப்பேன். வேற எங்கயும் நிக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது."

கொல்லைப்புறத்தில் ஒரு வாழை மரத்தைக் குறி வைத்துப் பழகினார்கள். முதல் நாளே அம்பு வாழையைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுக் கூரையில் படர்ந்திருந்த பூசணிக்காயில் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"பூசணிக்கா ஓடாம நின்னுச்சு, அதனால சிக்கிட்டு. கடமானும் நிக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நான் அதைத்தான் குறி வச்சேன்" என்றது அம்பு.

அடைக்கலம் தலையில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட வந்து பத்து நாள் ஆகல, அதுக்குள்ள அம்பும் என்னை மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டு."

கடமானை வரவழைக்க ஒரு சத்தம் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்து 'போங்க்' என்று அடித்தொண்டையில் கத்த வேண்டுமாம். அது ஆண் கடமான் பெண்ணைக் கூப்பிடும் குரலாம். அதையும் பழகினார். ஊர் நாய்கள் நன்றாகப் பதில் கொடுத்தன. பெண் கடமானுக்குப் பிடிக்குமா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஒருநாள் விடிந்ததும் காட்டுக்குக் கிளம்பினார். நல்ல காரியத்துக்குப் போகிறவர் என்று மாடத்தி தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிவிட்டாள். மடியில் முறுக்கும் கட்டிக் கொடுத்தாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று வந்து அவரை முகர்ந்து பார்த்தது. "யாரது, தேங்காய் எண்ணெயா? இப்பவே மேல போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று உச்சிக்கு ஓடியது.

"ஏ காத்தே, நில்லு!" என்றார் அடைக்கலம். நின்றால் அது காற்றில்லை.

கவலையில் பசித்தது. முறுக்கை எடுத்துக் கடித்தார். காடே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

"நான் என்ன செய்ய? என் பிறவி அப்படி" என்றது முறுக்கு.

"உன்னைச் சொல்லி என்ன. வேட்டைக்கு முறுக்கோட வந்த ஒரே ஆள் நான்தான்" என்று மிச்சத்தை அவர் எச்சிலில் ஊறவைத்தே தின்றார். அப்படி முறுக்குத் தின்பது எவ்வளவு கேவலம் என்பது தின்றவருக்குத்தான் தெரியும்.

மெல்லத் தூறல் விழுந்தது. ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையைக் குவித்து, 'போங்க்' என்று கத்தினார்.

எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது. 'போங்க்!'

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "கேட்டியா? கேட்டியா?" என்று வில்லைப் பிடித்து உலுக்கினார்.

"கேட்டுச்சு. ஆனா தொண்டை கட்டின கடமான் மாதிரி இருக்கு" என்றது வில்.

மறுபடி கத்தினார். மறுபடி பதில். கத்திக் கத்தி அவர் நகர்ந்தார், அதுவும் கத்திக் கத்தி நகர்ந்து வந்தது. முழங்காலால் ஊர்ந்ததில் வேட்டி கிழிந்தது, அட்டை இரண்டு ஏறிக்கொண்டது. அதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. உச்சிப்பொழுது ஆகும்போது எதிரில் ஓர் ஈச்சம்புதர்தான் பாக்கி. அதற்குள்ளிருந்து 'போங்க்' என்று சத்தம் வந்தது. புதர் அசைந்தது. இலைகளுக்கு நடுவே ஏதோ பழுப்பு நிறம் தெரிந்தது.

அடைக்கலம் அம்பைத் தொடுத்து இழுத்தார். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் வில்லே ஆடியது. கல்யாணப் பந்தலும் பேச்சிமுத்துவின் வாய் பிளந்த முகமும் கண்ணில் தெரிந்தன. செவ்வந்தி தலை நிமிர்ந்து அந்த வீட்டுக்குள் போவது தெரிந்தது.

"விடுங்க! விடுங்க!" என்று அம்பு துடித்தது.

"முழுசாப் பார்த்துட்டு விடும்" என்றது வில். "தலை தெரியல, கால் தெரியல. நிறத்தை மட்டும் பார்த்தா விடுவாங்க?"

"ஓடிப் போயிட்டா?" என்றார் அடைக்கலம். விட்டுவிட்டார்.

காலையிலிருந்து தூறலில் ஊறிய கயிறு தொளதொளவென்று முன்னால் போய் நின்றது. கட்டின மாட்டை நாலடி நகரவிடுகிற மாதிரி அம்பை நாலடி தூரம் அனுப்பிவைத்தது. அம்பு பொத்தென்று மண்ணில் விழுந்தது.

"ஐயோ! அடிச்சிராதீங்க! மனுஷன்! மனுஷன்!" என்று புதர் அலறியது.

புதருக்குள்ளிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பேச்சிமுத்து எழுந்தார். உடம்பில் பழுப்புக் கம்பளி. தலையில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்பு கிடந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்தது. தன் நுனி எதை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு இப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு அது வாயே திறக்கவில்லை.

அடைக்கலம் வில்லைக் கீழே போட்டார். உட்கார்ந்துவிட்டார். மகளின் மாமனாரை, மாப்பிள்ளையைப் பெற்றவரை, ஒரு வாய்ச் சவடாலுக்காகக் கொன்றிருப்பார். நல்ல நாண் கட்டத் தெரிந்த ஒருவன் இந்நேரம் கொன்றுதான் இருப்பான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் வேலை தெரியாதவன். அதனால நீங்க பிழைச்சீங்க" என்றார்.

"நீங்களாவது நாலடி விட்டீங்க" என்றார் பேச்சிமுத்து. மேலே கை காட்டினார். அடைக்கலத்துக்குப் பின்னால் நின்ற மரத்தின் உச்சிக் கிளையில் ஓர் அம்பு குத்தி நின்றது. "நீங்க அந்தப் பாறைக்குப் பின்னால இருந்து வெளிய வரும்போதே நான் உங்களைக் கடமான்னு நெனச்சு விட்டுட்டேன்."

அடைக்கலம் அண்ணாந்து அந்த அம்பைப் பார்த்தார்.

"உங்க வம்சத்துல வில்லு தூக்காத ஆம்பளை இல்லைன்னீங்களே?"

"அது நெசம்தான். தூக்குவோம். தூக்கி, தூசி துடைச்சு, மறுபடி மாட்டிருவோம்."

"அந்தக் கொம்பு?"

"நான் பிறக்கும்போதே அது சுவத்துல இருந்துச்சு. யாரு மாட்டினாங்கன்னு எங்கப்பாவுக்கும் தெரியாது." பேச்சிமுத்து கம்பளியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க நெசமாவே கடமானோட வந்து நின்னுட்டா, எங்க வீட்டுப் பொம்பளைகளே என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதான் அதுக்கு முன்னால ஒண்ணு அடிச்சு வச்சிருவோம்னு வந்தேன்."

அடைக்கலம் மெதுவாகக் கேட்டார். "என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. எம் பிள்ளையை மட்டும் குத்திக் காட்டிராதீங்க, அண்ணாச்சி."

"நான் எந்த வாயால குத்திக் காட்ட? அவ நம்ம வீட்டுக்கு வாற பிள்ளை. அடுப்படிக்குள்ள கால் வைக்கும்போது நானே இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கேன்."

அடைக்கலத்துக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. கிழிந்த வேட்டியைக் காட்டி அவர் சிரித்தார். பேச்சிமுத்து தலையில் இருந்த இலையை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடித்தபோது புதருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடமான் நின்றுகொண்டிருந்தது. அசைபோட்டுக்கொண்டே இருவரையும் பார்த்தது.

"இப்போ அடியும், பார்ப்போம்" என்று வில் முணுமுணுத்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"காலையிலிருந்து கத்தியது நீங்கள்தானா?" என்று கடமான் கேட்டது.

"ஆமா" என்றார் அடைக்கலம் வெட்கத்தோடு. "பொட்டைக் கடமானைக் கூப்பிடுத சத்தம்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?" கடமான் அசைபோடுவதை நிறுத்தியது. "புலியைக் கண்டால்தான் நாங்கள் அப்படிக் கத்துவோம். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பாவம், இரண்டு பேருக்கும் அப்படி என்ன பயம் என்று பார்க்கத்தான் வந்தேன்."

அது திரும்பி, அவசரமில்லாமல் மேட்டில் ஏறி மறைந்தது.

அடைக்கலம் பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நம்ம வாயில இருந்தும் நெசம் வந்திருக்கு. நமக்குத்தான் பாஷை தெரியல."