மைனாக்களின் சாயங்கால வகுப்பு

பறவைக்கும் நாய்க்கும் மனுஷனைப் போலவே பேச்சு இருந்த காலம் அது. புதுச்சேரிக் கடலில் பாய்மரக் கப்பல்கள் வந்து நிற்கும். அப்போதெல்லாம் மைனாக்கள் ரொம்ப அடக்கமான கூட்டம். பொழுது சாய்ந்தால் கிளையில் வரிசையாக உட்காரும், கண்ணை மூடும், தூங்கிவிடும். நம்பமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இப்போது அதுகள் போடுகிற கூச்சலைக் கேட்டவர் யார்தான் நம்புவார்? கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

கடற்கரைத் தெருவில் ஒரு பெரிய மாளிகை. அங்கே இருந்த பிரெஞ்சுத் துரைசானிக்கு மைனா வளர்க்க ஆசை வந்தது. ஆள் வைத்துப் பிடித்தாள். அகப்பட்டது செங்கேணி என்கிற மைனா. அவளுடைய தங்கை பூங்காவனம் அழுது தீர்த்தாள். துரைசானி அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கப்பலேறுகிறாள், கூண்டும் கூடவே போகிறது என்று ஒரு காக்கை வந்து சொன்னதும், அழுகையை நிறுத்திவிட்டு மாளிகைக்குப் பறந்தாள்.

கூண்டுக் கதவில் ஒரே ஒரு கொக்கி. பறவை அலகுக்கு அது அசையாது. ஆனால் கூண்டுக்குக் காவலாகப் படுத்திருந்த நாய் மூக்கால் ஒரு தள்ளு தள்ளினால் கழன்றுவிடும். கப்பலில் வந்த நாய் அவன். சுருட்டை முடி, பெயர் பொம்போன்.

"ஐயா, எங்க அக்காவை விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று பூங்காவனம் கெஞ்சினாள்.

பொம்போன் அவளைப் பார்த்தான், காதைச் சொறிந்தான், கொட்டாவி விட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்த பாஷை பிரெஞ்சு ஒன்றுதான்.

ஊரில் பிரெஞ்சு தெரிந்த பறவை ஒன்றே ஒன்று. ரொட்டிக் கடை உத்தரத்தில் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவி ரோசாலி. ஆள் கட்டைவிரல் அளவு, அலட்டல் ஆனை அளவு.

"நீயே வந்து கேளேன்" என்றாள் பூங்காவனம்.

"அந்த நாயோட மூச்சு பட்டாலே நான் பறந்துபோயிடுவேன். வேணும்னா சொல்லித் தர்றேன். என்னை மதாம்னு கூப்பிடணும்."

"சரிங்க மதாம்."

தனியாகப் படிக்கப் பூங்காவனத்துக்குப் பயம். அதனால் கூட்டத்தில் இருந்த நாற்பது மைனாக்களும் தூங்குமூஞ்சி மரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. ரோசாலி விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரே ஒரு வாக்கியம். "உவ்ரே லா போர்த், சில் வூ ப்ளே." தயவுசெய்து கதவைத் திறங்கள் என்று அர்த்தம். மூன்று நாள் அதையே சொல்லச் சொன்னாள். பிசகினால் குச்சியால் மண்டையில் ஒரு தட்டு. தட்டு வாங்கினவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. வரிசையில் நாலு பேர் சொல்ல, மற்றவர்கள் சும்மா அலகை அசைத்தார்கள்.

நாலாம் நாள் பூங்காவனம் மாளிகைக்குப் போனாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உவ்ரே லா போர்த், சில் வூ ப்ளே!" என்றாள்.

பொம்போன் துள்ளி எழுந்தான். வாலை ஆட்டிக்கொண்டு, "கி எத் வூ?" என்று கேட்டான். யார் நீங்கள் என்று கேட்கிறான். இவளுக்கு அது எங்கே தெரியும்?

"உவ்ரே லா போர்த், சில் வூ ப்ளே" என்றாள்.

அவன் இன்னொன்று கேட்டான். இவள் மறுபடியும் அதையே சொன்னாள். ஆட்டிக்கொண்டிருந்த வாலை அவன் மெதுவாகக் கீழே போட்டான். திரும்பிப் படுத்துக்கொண்டான். கூண்டுக்குள்ளிருந்து செங்கேணி, "விடுடி பூங்காவனம், வீட்டுக்குப் போ" என்றாள்.

மரத்துக்குத் திரும்பியதும் ரோசாலியைப் பிடித்தாள் ஒரு பிடி.

"மூணு நாளா என்ன சொல்லித் தந்தே? ஒண்ணைத் தவிர வேற ஒண்ணும் தெரியலை! இந்த வேப்பம்பழத்துக்குக்கூட அந்தப் பாஷையில பேர் தெரியாது எனக்கு!"

சொல்லிக்கொண்டே பக்கத்து வேம்பிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து ஆத்திரத்தோடு வீசினாள். அந்த ஒரு வீச்சில்தான் எல்லாம் மாறியது. பழம் ஒரு மைனாவின் மண்டையில் பட்டது. அது கோபத்தில் அடுத்ததன்மேல் எறிந்தது. அது இன்னொன்றின்மேல். மேல்கிளையில் மரங்கொத்தி மன்னாரு தன் பாட்டுக்கு டொக்கு டொக்கென்று கொத்திக்கொண்டிருந்தான். கீழே என்ன ரகளை என்று பார்க்கக் கொத்துவதை நிறுத்தினான். சத்தம் நின்றதும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அலகில் பழத்தோடு கையும் களவுமாக மாட்டியது ஒரு குண்டு மைனா.

அதன் முழியைப் பார்த்து ரோசாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குச்சி கீழே விழுந்தது. விழுந்த குச்சியை அவள் எடுக்கவேயில்லை.

"மாட்டிக்கிட்டியா? சூரியனுக்கு என்ன பேரு, சொல்லு!"

"வாயில பழத்தை வெச்சிக்கிட்டு எப்படிச் சொல்றதாம்?" என்று குழறியது குண்டு மைனா.

"காலுக்கடியில வெச்சிக்கோ. சூரியன், சொலேய்!"

"சொலேய்!"

"மன்னாரு அண்ணே, கொத்துங்க!"

டொக்கு டொக்கு. பழம் பறந்தது. சத்தம் நின்றது. மாட்டினவர் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள், சொன்னவரும் சிரிப்பார், பழம் மறுபடியும் கிளம்பும். மண்டையில் தட்டு கிடையாது. அன்று இருட்டுவதற்குள் மரம், இலை, மழை, முட்டை எல்லாம் வந்துவிட்டன.

மறுநாள் ரோசாலி ரொட்டித் துணுக்கு கொண்டுவந்து கடை பரப்பினாள். பிரெஞ்சில் கேட்டால்தான் கிடைக்கும். சாப்பாட்டு விஷயத்தில் மைனாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? அப்புறம் இன்னொரு விளையாட்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு, கிளை கிளையாகத் தாவி, "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று நாற்பது பேரையும் கேட்டு, தன்னைப் போலவே இருப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது வாய்! மன்னாரு காதைப் பொத்திக்கொண்டான்.

வியாழக்கிழமை ரோசாலி சொன்னாள்: "ஒரு வார்த்தை தெரியலைன்னா நின்னுடாதீங்க. சுத்தி வளைச்சுச் சொல்லுங்க. பேரைச் சொல்லாம கிணத்தை எனக்குக் காட்டுங்க, பார்ப்போம்."

"தண்ணி! வட்டம்! விழுந்தா அம்மா அழுவாங்க!" என்றது குண்டு மைனா.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பூங்காவனம் மாளிகை ஜன்னலில் வந்து உட்கார்ந்தாள். வாசலில் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"போன்ஷூர், முசியே!" என்று வணக்கம் சொன்னாள்.

பொம்போன் ஒரு கண்ணைத் திறந்தான். "கி எத் வூ?"

நான் பூங்காவனம், தூங்குமூஞ்சி மரத்தில் இருக்கிறேன், எனக்கு வேப்பம்பழம் பிடிக்கும், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவன் பாஷையிலேயே படபடவென்று சொன்னாள். ஏகப்பட்ட தப்பு. அவனோ எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்கு எலும்பு பிடிக்கும்" என்றான். "இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷமாச்சு. என்ன பிடிக்கும்னு இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதில்லை."

வெளியே வண்டிக்காரன் கூண்டை எடுத்து வா என்று கத்தினான். பொம்போன் கூண்டைக் காட்டி, "இவள் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான்.

பூங்காவனத்துக்குத் திக்கென்றது. அக்கா என்பதற்கு அந்தப் பாஷையில் வார்த்தை தெரியாது! பழம் தெரியும், மழை தெரியும், இது மட்டும் தெரியாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிணறு ஞாபகம் வந்தது.

"ஒரே அம்மா" என்றாள். "ஒரே கூடு. ரெண்டு முட்டை. முதல் முட்டை அவள். ரெண்டாவது முட்டை நான்."

பொம்போன் கூண்டருகே போனான். மூக்கால் கொக்கியைத் தள்ளினான்.

அக்காவும் தங்கையும் ஜன்னல் வழியாகப் பாய்ந்தார்கள். காலிக் கூண்டைப் பார்த்துத் துரைசானி போட்ட கூச்சல் துறைமுகம் வரைக்கும் கேட்டதாம். பொம்போனோ கப்பலேறும்வரை வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலம் செங்கேணி மரத்தில் வந்து உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதையும் தவறவிட்டவள் ஆயிற்றே! நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அவளுக்குச் சொல்லித்தரப் பாய்ந்தார்கள். நீ எங்கே இருந்தாய், என்ன தின்றாய், உனக்கு என்ன பிடிக்கும் என்று கிளை கிளையாகத் தாவிக் கேட்டார்கள். ஒருத்தரை விடாமல் எல்லோரையும் கேட்டு முடித்து, ஆள் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் கண்ணை மூடினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தொடங்கின கூச்சல்தான் இன்றுவரை ஓயவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் எந்த மைனா மரத்தடியிலும் போய் நின்று பாருங்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் சட்டென்று ஒரு கணம் எல்லாம் அடங்கும். பழம் யாரிடம் மாட்டியது என்று பார்க்கிறார்கள்.