கீழிமைக் கட்டிக்கு எண் என்ன?

பவளப்பட்டினத்தில் நோய் வருவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அதைத் தீர்ப்பதற்குத்தான் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைத் தருகிறவர் நோய்க்கணக்கு அதிகாரி குணபாலர். ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் கொடுத்து அவர் ஏட்டில் ஏற்றியிருந்தார். வாத்து கொத்தினால் ஓர் எண். அதே வாத்து மறுபடி கொத்தினால் வேறோர் எண். எண் வாங்காமல் வைத்தியர் நோயாளியைத் தொட்டால் வைத்தியருக்குச் சிறை. இப்படியொரு ஏற்பாடு வேறெந்த நாட்டிலும் இல்லை என்று குணபாலர் பெருமைப்பட்டுக்கொள்வார். உண்மைதான். மற்ற நாட்டுக்காரர்கள் வைத்தியம் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு குறை. இவ்வளவு பெரிய ஏட்டில் தன் பெயர் எங்குமே இல்லையே என்று மன்னர் மகரகேசரியிடம் அடிக்கடி வருத்தப்படுவார்.

அந்தத் துறைமுகத்தில் கடலாண்டி என்று ஒருவர் இருந்தார். பாறைகளுக்கு நடுவே கப்பல்களைக் கரைக்குக் கூட்டிவருவது அவர் வேலை. வெயிலிலும் உப்புக்காற்றிலும் காலம் தள்ளிய அந்த மனிதருக்கு இடது கண்ணின் கீழிமையில் ஒரு கட்டி வந்தது. முதலில் மிளகளவுதான். பிறகு நடுவில் புண்ணாயிற்று, இமைமயிர் உதிர்ந்தது. அரண்மனை வைத்தியர் அச்சுதர் பார்த்தார். புற்று மாதிரித் தெரிகிறது, இப்போதே அறுத்தெடுத்தால் கண் தப்பும், மழைக்காலம் வரை விட்டால் கண் போய்விடும் என்றார். எண் கேட்டு ஓலை எழுதி அனுப்பினார்.

ஓலை திரும்பி வந்தது. ‘இமையில் கட்டி என்றால் எந்த இமையில்? மனிதனுக்கு இமை நான்கு.’ வைத்தியர் ‘இடது கீழிமை’ என்று திருத்தி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. ‘யாருக்கு இடது? நோயாளிக்கா, எதிரே உட்கார்ந்து பார்க்கிற வைத்தியருக்கா?’ ‘நோயாளியின் இடது கீழிமையில் புற்று என்று சந்தேகம்’ என்று மறுபடி எழுதினார். ‘சந்தேகத்துக்கு எண் கிடையாது. நிச்சயமாகத் தெரிந்தபின் எழுதவும்.’

அச்சுதர் பொறுமையிழந்து நேரிலேயே போனார். அறுத்துப் பரிசோதித்தால்தானே நிச்சயமாகத் தெரியும் என்று கேட்டார்.

“தாராளமாக அறுங்கள். யார் வேண்டாம் என்றது?” என்றார் குணபாலர். “எண் வாங்கிவிட்டு அறுங்கள்.”

இந்த விதியெல்லாம் கட்டிக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் கடலாண்டி அரசவை விகடகவி கொன்றையனைத் தேடிப்போனார். “ஐயா, பாறை கண்ணுக்குத் தெரியுற வரைக்கும்தான் எனக்குச் சோறு. இந்தக் கண்ணு போச்சுன்னா நான் எங்க போவேன்?” என்றார். 

கொன்றையனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவன் மிகவும் பணிவாகிவிடுவான். மறுநாள் சபையில் குணபாலர் முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். ஏட்டில் ஏறாத புது நோய் ஒன்றைக் கண்டுபிடித்து ஓலையில் எழுதிக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். குணபாலர் முகம் மலர்ந்துபோய் எழுத்தாணியை எடுத்தார்.

“எந்த உறுப்பில்?”

“இடது கண்ணில். நோயாளிக்கு இடது.”

“சந்தேகமா, நிச்சயமா?”

“நிச்சயம் ஐயா. மழைக்காலத்தில் வந்துவிடும். வைத்தியரே சாட்சி.”

“அறிகுறி?”

“பார்வை மெல்ல மெல்லப் போகும். ஓலை போன வேகத்தில் திரும்பி வரும்.”

சபையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். குணபாலர் அதைக் கவனிக்கவில்லை. புது நோய்க்கு அதன் காரணத்தையே பெயராக வைப்பது அந்த நாட்டு வழக்கம். உப்பளத்தில் நின்று வந்த புண்ணுக்கு உப்புப்புண் என்று பெயர் வைத்ததும் அவர்தான். அதனால் காரணம் என்ன என்று கேட்டார்.

“காரணம் தாங்கள்தான் ஐயா. எண் கிடைத்திருந்தால் கண் பிழைத்திருக்கும். ஆகவே இதற்குக் ‘குணபாலர் குருடு’ என்று பெயர் வைக்கத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏட்டில் தங்கள் பெயர் வரவேண்டும் என்று எவ்வளவு காலமாக ஏங்குகிறீர்கள்!”

மன்னர் வைத்தியரைப் பார்த்தார். அச்சுதர் நடந்ததை முழுவதும் சொன்னார். யாருடைய கண் என்று தெரிந்ததும் மன்னருக்குச் சுருக்கென்றது. அவருடைய கப்பல்களெல்லாம் அந்தக் கண்ணை நம்பித்தான் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

“பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. குணபாலரே, இப்போதே ஏட்டில் ஏற்றும்” என்றார்.

குணபாலர் எழுத்தாணியை ஏட்டருகே கொண்டுபோனார். இனி நாட்டில் யாருக்குப் பார்வை போனாலும் தன் பெயரைச் சொல்லித் திட்டுவார்களே என்று நினைத்துப் பார்த்தார். எழுத்தாணியைக் கீழே வைத்தார். “அரசே, வேறொரு வழி இருக்கிறது. ‘தன்மை இன்னும் தெரியாத கட்டி’ என்று ஓர் எண் உண்டு. அதைக் கொடுத்து அறுக்கச் சொல்லலாம். சோதித்துத் தெரிந்தபின் சரியான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்றார்.

“அந்த எண் எப்போதிலிருந்து இருக்கிறது?”

“ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது அரசே. ‘தெரியாது’ என்று எழுதினால் ஏட்டின் அழகு கெடுகிறது என்று நான்தான் யாருக்கும் கொடுப்பதில்லை.”

அங்கேயே முத்திரை விழுந்தது. அன்றைக்கே அச்சுதர் கட்டியை அறுத்தெடுத்தார். சோதித்துப் பார்த்ததில் புற்றேதான். வேர்கூட மிச்சமில்லாமல் முழுவதும் வந்துவிட்டது, கண் பிழைத்தது. தையல் போட்ட இடம் கொஞ்சம் இழுத்துக்கொண்டதால் கடலாண்டி யாரைப் பார்த்தாலும் கண்ணடிப்பதுபோல் இருக்கும். குணபாலர் துறைமுகப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

மன்னர் கொன்றையனுக்குத் தங்கக் காப்பு அணிவித்த அன்று குணபாலர் மெதுவாக அவன் அருகில் வந்தார். அந்தப் புது நோய் எழுதிய ஓலையைக் கிழித்துவிட்டாயா என்று கேட்டார்.

“அந்த நோய் குணமாகிவிட்டது ஐயா, கவலையே வேண்டாம்” என்றான் கொன்றையன். “ஆனால் ஓலையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மறுபடி வந்தால் வேறோர் எண் கொடுக்கவேண்டுமே!”

மன்னர் சிரித்த சிரிப்பில் அவர் கிரீடம் நழுவியது. அதற்கும் ஏட்டில் ஓர் எண் இருந்ததாகக் கேள்வி.