மைனஸுக்குப் போன சொரிமுத்து

சொரிமுத்து சொல்லுததுல முக்காவாசியைக் கழிச்சுட்டு மிச்சத்தை நம்புனாக்கூட ஏமாந்துதான் போவோம்னு அந்தக் காலேஜ் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும், அவன் வாயைத் தொறந்தா கையில இருக்க டீ ஆறிப்போறது தெரியாம உக்காந்து கேப்பாங்க. பொய்யின்னா அப்படி ஒரு பொய்யி, நெய் ஊத்திப் பொரட்டி எடுத்தது.

அன்னைக்கு அவன் நின்னது கேண்டீன்ல இல்ல. செமினார் ஹால்ல, மைக்குக்கு முன்னாடி, சட்டையை உள்ள விட்டு பெல்ட் எல்லாம் போட்டு நின்னான்.

சங்கதி என்னன்னா, காலேஜ்ல பசுமை மன்றம்னு ஒண்ணு உண்டு. அதை நடத்துறது கெமிஸ்ட்ரி ஜெபக்கனி மேடம். "வண்டி ஓட்டுனா, ஃபேன் போட்டா, சோத்தைக் கொட்டுனா, புதுத்துணி வாங்குனா, எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒரு கார்பன் கணக்கு ஏறுதுடே. ஒரு மாசம் அதைக் குறைச்சுப் பாருங்க"ன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. மாசம் முடிஞ்சதும் ஆளாளுக்கு மேடையேறி என்ன செஞ்சோம்னு சொல்லணும். ஹால்ல இருக்கவங்க கையைத் தூக்கி ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க. அந்த ஒருத்தருக்கு டெல்லியில இளைஞர் முகாம். போக வர ஃப்ளைட் டிக்கெட்.

கார்பனைக் குறைச்சவனுக்கு ஃப்ளைட் டிக்கெட் குடுக்கலாம்னு எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ! படிச்ச பிள்ளைக இத்தனை பேர்ல ஒருத்தருக்கும் அது உறைக்கவும் இல்ல. ஃப்ளைட்டுங்கற வார்த்தை மட்டுந்தான் எல்லார் கண்ணுலயும் பட்டுது.

சொரிமுத்துக்கு டெல்லி கூட வேண்டாம், ஃப்ளைட்டுதான் வேணும். அவன் ஊரு ஏர்போர்ட்டை ஒட்டி. பொறந்ததுலேர்ந்து அவன் வீட்டு ஓட்டுக்கு மேலதான் விமானம் ஏறும், எறங்கும். அதோட அடிவயித்தைப் பாத்தே எந்தக் கம்பெனி வண்டின்னு சொல்லிருவான். ஆனா உள்ள எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியாது, அவன் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. போட்டி நடக்க முன்னாடியே, "அடுத்த மாசம் நான் மேல போவேன், எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க, ஜன்னல் வழியா கை காட்டுதேன்"னு ஊர் பூரா சொல்லி வச்சுட்டான். அவங்க அம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டுட்டா.

இதுல ஒரே ஒரு சிக்கல். மாசம் பூரா சொரிமுத்து ஒண்ணுமே செய்யல. ரூம்ல ஃபேன் ரெண்டு நாள் ரிப்பேரா கெடந்தது. அவன் செஞ்ச தியாகம்னு பாத்தா அதுதான்.

அவனுக்கு முன்னாடி பேசுனது அவன் கிளாஸ்ல படிக்க செண்பகவல்லி. "ஸ்கூட்டியை விட்டுட்டு டவுன் பஸ்ல வந்தேன். துணிக்கு அயர்ன் போடல. சோறு அளவா வாங்கி மிச்சம் வைக்காமச் சாப்பிட்டேன். மழையில ரெண்டு தடவை ஆட்டோவுல வந்துட்டேன், அதையும் சொல்லிருதேன்"னு சொல்லிட்டு எறங்கிட்டா. கை தட்டுனாங்க. பெருசா இல்ல.

சொரிமுத்து மைக்கை ஒரு தட்டுத் தட்டுனான்.

"செண்பகவல்லி செஞ்சது நல்ல காரியந்தான். பச்சப் பிள்ளைக்கு இவ்வளவே பெருசு. இப்ப பெரியாளுக என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. மொதல்ல வண்டியை விட்டேன் மேடம். ஊர்லேர்ந்து காலேஜுக்கு நடந்தே வந்தேன்."

"ஹாஸ்டல்ல இருக்க பய ஊர்லேர்ந்து எதுக்குலே நடந்தே?" முன் வரிசையில இருந்து கேட்டது கில்பர்ட்டு, அவன் ரூம்மேட்.

"நடக்கதுக்காகவே ஊருக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தேன்லே. குறுக்க பேசாத. மேடம், மொத நாளு நான் வாரேன், பின்னாடி டவுன் பஸ் ஹார்ன் அடிக்கு. ஒதுங்கி வழி விட்டேன். டிரைவரு போக மாட்டேங்காரு. 'நீ முன்னாடி போ தம்பி, ஒன் வேகத்துக்கு நான் பின்னாடி வந்தா காத்து மறிக்காது, டீசல் மிச்சம்'ங்காரு. மறுநாளு என் தோள்ல கெடந்த துண்டை எடுத்து ஒரு முனையை பம்பர்ல கட்டிட்டாரு. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங்ல தலை வச்சுத் தூங்கிட்டாரு. நான் அப்படியே இழுத்துட்டு வந்தேன். மேட்டுல கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு, பொய் சொல்லக் கூடாது."

"கண்டக்டர் ஒண்ணும் சொல்லலயாக்கும்?"

"அதை ஏன் கேக்கே! எங்கிட்டயும் டிக்கெட் கேட்டாரு. முன்னாடி போனாலும் பயணி பயணிதானாம்."

ஹால்ல சிரிப்பு கெளம்பிட்டு. சிரிப்பு கேட்டா சொரிமுத்துக்கு உச்சந்தலை வரைக்கும் குளுந்துரும். அதுக்கப்புறம் அவனை யாராலயும் பிடிக்க முடியாது.

"அடுத்து ஃபேனை நிறுத்துனேன்."

"நீ எங்க நிறுத்துன? ஃபேன் காயிலு கருகில்லா போச்சு!" கில்பர்ட்டு மறுபடியும் குறுக்க விழுந்தான்.

"எதுனால போச்சு? நான் கரண்ட்டை மிச்சம் பிடிக்கதைப் பாத்து அதுவே வெக்கப்பட்டு நின்னுட்டு. சரி, காத்துக்கு என்ன செய்யன்னு யோசிச்சேன். நம்ம ஹாஸ்டல்ல எதுக்குப் பஞ்சம்னாலும் கொசுவுக்குப் பஞ்சம் உண்டா? எல்லாத்தையும் கூப்பிட்டு, 'இனிமே கடிக்கக் கூடாது, விசிறணும்'னு சொல்லிட்டேன். தலைமாட்டுல ஒரு வரிசை, கால்மாட்டுல ஒரு வரிசை. இந்த வரிசை றெக்கையைத் தூக்கும்போது அந்த வரிசை எறக்கும். ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்னு ஸ்பீடு எல்லாம் உண்டு. அஞ்சுல வச்சேன்னா போர்வை பறந்து வராண்டாவுக்குப் போயிரும்."

"சும்மா விசிறுமாடே? சம்பளம் கிடையாதா?" ஜெபக்கனி மேடமே கேட்டுட்டாங்க.

"மாசம் பொறந்தா ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம், மேடம். கில்பர்ட்டு கால்லேர்ந்து."

கில்பர்ட்டு அவனை அறியாமலே குனிஞ்சு கெண்டைக்காலைச் சொறிஞ்சான். அதைப் பாத்து ஹால் பூரா பெஞ்சைத் தட்டுனாங்க.

"இதெல்லாம் சில்லறை. எங்க வீட்டு ஆட்டுக் கதையைக் கேளுங்க. ஆடு மாடு ஏப்பம் விட்டா மீத்தேன் வருது, அது கார்பனை விட மோசம்னு மேடம் கிளாஸ்ல சொன்னாங்களா? எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. நேரா ஊருக்குப் போயி ஆடுககிட்ட எடுத்துச் சொன்னேன். தன்மானமுள்ள ஆடுக மேடம். அன்னையோட ஏப்பத்தை நிறுத்திட்டு. கொஞ்ச நாள் கழிச்சுப் போயிப் பாக்கேன், ஒவ்வொண்ணுக்கும் வயிறு பலூன் கணக்கா ஊதிப்போயி கால் தரையிலயே படல. அந்தரத்துல நின்னு மேயுது! கயித்தை எடுத்து முருங்கை மரத்துல கட்டினேன். மரத்தைப் பிடுங்கிட்டு மேல போயிட்டு."

"ஏ யப்பா!"

"அந்நேரம் பாத்து சாயங்கால ஃப்ளைட் எறங்குது. வழியில பூரா ஆடு. பைலட்டு ஜன்னலைத் தொறந்து தலையை வெளிய விட்டு, 'ஏ சொரிமுத்து, ஆட்டைப் பிடிச்சுக் கட்டுலே, நான் எறங்க வேண்டாமா'ன்னு ஒரே சத்தம்."

"பைலட்டுக்கு ஒம் பேரு எப்படித் தெரியும்?"

"தெனமும் பாக்காருல்லா" அப்படின்னான் சொரிமுத்து. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் கொஞ்சம் எறங்கிப்போச்சு. சின்னதுலேர்ந்து அவன் கை காட்டாத ஃப்ளைட்டு கிடையாது. ஒரு ஃப்ளைட்டாவது திருப்பிக் கை காட்டுனது கிடையாது. தான் சொன்ன பொய்யில பைலட்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவனுக்கே அவ்வளவு பிடிச்சுப்போச்சு.

"பொறவு ஆட்டை எப்படி எறக்குன?"

"ட்யூபைச் சொருகி ஒவ்வொண்ணா காத்தை எறக்குனேன். அந்தக் காத்தை அடுப்புல விட்டுத்தான் எங்கம்மா இப்ப சோறு பொங்குதா. கேஸ் சிலிண்டர்காரன் வீட்டு வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனான்."

ஃபர்ஸ்ட் இயர் பிள்ளை ஒண்ணு எந்திரிச்சு, "அண்ணா, நாம மூச்சு விட்டாலே கார்பன் டை ஆக்சைடு வருமே, அதை என்ன செஞ்சீங்க"ன்னு கேட்டுது. கேக்காம இருந்திருக்கலாம்.

"நல்லா கேட்டம்மா. இழுக்கதோட சரி, வெளிய விடுததைக் கொறைச்சுட்டேன். தேங்குனதைச் சாயங்காலம் கிரவுண்டு வேப்பமரத்துக்கிட்டப் போயி மொத்தமா குடுத்துருவேன். மரம் ருசி கண்டுட்டு. நான் ஒரு நாள் லீவு போட்டா எலையெல்லாம் வாடிருது, வாட்ச்மேன் போன் போட்டுக் கூப்பிடுதாரு. கடைசியில செல்லுல என் கார்பன் கணக்கைத் தட்டிப் பாத்தேன். ஜீரோவைத் தாண்டி மைனஸ்ல போயிட்டு மேடம்! 'அண்ணாச்சி, போதும், நிறுத்திக்கிடுங்க'ன்னு எழுத்துல வருது. என் மைனஸ் வழிஞ்சு பக்கத்து ரூம்காரன் கணக்கையும் கொறைச்சுட்டுன்னா பாத்துக்கிடுங்க."

விசில் பறந்துது. கை தூக்கச் சொன்னா அந்த நிமிசமே ஜெயிச்சிருப்பான். அப்பதான் கில்பர்ட்டு எந்திரிச்சான். கொசு விசயத்துல அவனுக்கு ஏற்கெனவே கடுப்பு.

"எல்லாம் சரிலே. போன செவ்வாக்கெழமை பரோட்டாக் கடை வாசல்ல பைக்ல வந்து எறங்குனது யாரு? அதுவும் யார் பைக்கு? எம் பைக்கு! கேக்காம கொள்ளாமச் சாவியை எடுத்துட்டுப் போயிருக்க!"

பரோட்டாவுக்கு ஆசைப்பட்டு ஃப்ளைட்டை விட்டுட்டோமேன்னு சொரிமுத்து நெனச்சான். ஆனா வாய் இருக்கே, அது அவனைக் கேட்டா வேலை செய்யும்?

"வந்தேன். இல்லங்கல. இன்ஜின் ஓடுச்சான்னு பாத்தியாலே?"

"ஓடாம பின்ன?"

"அதான் விசயம். நான் இப்ப இருக்க சுத்தத்துக்கு எந்த வண்டியில ஏறுனாலும் இன்ஜின் தன்னால நின்னுருது. எம் முன்னாடி புகை விட அதுக்குக் கூச்சம். ஒன் பைக்கும் சும்மா உருண்டுதான் போச்சு."

"அப்ப டேங்க்ல இருந்த பெட்ரோல் எங்கலே போச்சு?"

"அதுவும் வெக்கப்பட்டு பங்க்குக்கே திரும்பிப் போயிருக்கும். போயிக் கேட்டுப் பாரு. ஒன் பைக்குன்னு இல்ல மேடம், பஸ்ஸு, லாரி, ரயிலு எதுவானாலும் சரி, நான் காலை எடுத்து வச்சா டப்புன்னு நின்னுரும். இன்ஜின் பெருசா இருந்தா இன்னும் வேகமா நிக்கும்!"

அவ்வளவுதான். ஹால்ல இருந்த அத்தனை கையும் மேல போச்சு. கில்பர்ட்டு கூட தலையில அடிச்சுக்கிட்டு இன்னொரு கையைத் தூக்குனான். சொரிமுத்து மனசுக்குள்ள அந்நேரமே ஃப்ளைட் ஜன்னல் சீட்டுல உக்காந்துட்டான். கீழ அவன் ஊரு தெரியுது, எல்லாரும் அண்ணாந்து நிக்காங்க. மேடம் மைக்கைக் கையில வாங்குனாங்க.

"மேடம், ஒரு நிமிசம்." செண்பகவல்லி எந்திரிச்சா. "நானும் சொரிமுத்துக்குத்தான் கை தூக்குனேன். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்மா?"

"ஃப்ளைட்டுக்குப் பெரிய இன்ஜின்லா மேடம். இவன் காலை வச்சதும் தரையிலயே நின்னுட்டுன்னா பரவால்ல. இன்ஜின் கொஞ்சம் யோசிச்சுட்டு மேல போன பொறவு நின்னுட்டுன்னா? கூட வாரவங்க என்ன பாவம் செஞ்சாங்க? கைப்பிள்ளைக்காரி எல்லாம் இருப்பால்லா!"

அதுக்குக் கெளம்புன சிரிப்புல ஹாலே ஆடிட்டு. ஜெபக்கனி மேடம் வாயைப் பொத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாங்க. பொறவு மூஞ்சியைக் கண்டிப்பா வச்சுக்கிட்டு, "அந்தப் பிள்ளை கேக்கதும் நியாயந்தானே. சொல்லுடே. நீ ஏறுனா இன்ஜின் நிக்குமா, நிக்காதா? நிக்கும்னா ஒன்னை ஃப்ளைட்ல ஏத்த முடியாது. நிக்காதுன்னா நீ சொன்னது பூரா பொய்யின்னு இந்த மைக்குல சொல்லிரு. உண்மையைச் சொன்னதுக்காக மறுபடி கை தூக்கச் சொல்லிப் பாப்போம்"ன்னாங்க.

சொரிமுத்து சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'பொய்யி மேடம்'னு சொன்னாப் போதும். கை தட்டிச் சிரிச்ச பிள்ளைக, எரக்கப்பட்டாவது மறுபடி கை தூக்கும். அம்மா போன் போட்டுச் சொன்ன சொந்தக்காரங்க எல்லாம் வெளிய வந்து நிப்பாங்க. ஃப்ளைட்டு மேல எவ்வளவு ஆசைன்னு அவனுக்குத்தான் தெரியும். அழுகை வார மாதிரி இருந்துது.

ஹாலைப் பாத்தான். எல்லாரும் அவன் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. பொறந்ததுலேர்ந்து இன்னை வரைக்கும் தான் சொன்னதைப் பொய்யின்னு அவன் ஒத்துக்கிட்டதே கிடையாது. அதை இந்த மைக்குல ஆரம்பிக்கணுமா?

"நிக்கும் மேடம்" அப்படின்னான்.

அதுக்கு விழுந்த கை தட்டு அந்தக் காலேஜ்ல அதுக்கு முன்னாடி யாருக்கும் விழுந்ததில்ல.

"அப்ப டெல்லிக்கு யாரு போறது?"

"நான் போறேன் மேடம்" அப்படின்னா செண்பகவல்லி. "நான் சாதாரணப் பாவி. மழைன்னா ஆட்டோவுல ஏறுதவ. நான் ஏறுனா எந்த இன்ஜினும் நல்லா ஓடும்."

சொரிமுத்து பெல்ட்டை ஒரு இழுப்பு இழுத்து விட்டுக்கிட்டான். மைக்கை இன்னும் விடல.

"அந்தப் பிள்ளை பத்திரமா போயிட்டு வரட்டும் மேடம். எனக்கு எதுக்கு ஃப்ளைட்டு? நான் நடந்தே டெல்லிக்கு வந்துருவேன். முகாம்ல எனக்கும் ஒரு சேர் போட்டு வைக்கச் சொல்லுங்க."

ஜெபக்கனி மேடம் அவன் கையிலேர்ந்து மைக்கை வாங்கி ஆஃப் பண்ணுனாங்க.

"சரிடே. முகாமுக்கு ஒரு மாசந்தான் இருக்கு. இப்பவே கெளம்பு."