மேலிடம்

குடிநீர் வாரியத்தின் பதினாறாயிரம் ஊழியர்களுக்கு விடுப்பு வழங்க மென்பொருள் எழுத வந்தவன் இசக்கிராஜ். விடுப்புக்குக் கடைசி ஒப்புதல் யார் தருவது என்று மாடி மாடியாக ஏறிக் கேட்டான். "மேலிடத்துல கேக்கணும்" என்றார்கள் எல்லோரும். இயக்குநர் தணிகாசலமும் அதையே சொல்லிவிட்டு, "நாளைக்குச் செயலாளர் பாக்க வர்றார். வேலை செய்யலைன்னா உன் ஒப்பந்தம் ரத்து" என்றார்.

மறுநாள் செயலாளர் முன்னால், பம்ப் ஆபரேட்டர் ஒருவரின் மனுவை இசக்கிராஜ் அனுப்பிக் காட்டினான். மனைவிக்குப் பிரசவம் என்று எழுதியிருந்தது. மனு பொறியாளரைத் தாண்டி, இயக்குநரையும் தாண்டி, 'மேலிடம்' என்ற கட்டத்தில் போய் நின்றது. அப்புறம் அசையவில்லை.

"யாருய்யா அது மேலிடம்?" என்று சீறினார் தணிகாசலம்.

"தெரியலைங்க சார். எல்லாரும் அவரைத்தான் சொன்னீங்க. பேரை மட்டும் யாரும் சொல்லலை. அதனால பதவியைப் போட்டுட்டு, பேரைக் காலியா விட்டிருக்கேன்."

செயலாளர் அலுப்போடு கண்ணாடியைக் கழற்றினார். "தணிகாசலம்னு போடுப்பா."

இசக்கிராஜ் தட்டினான். இயக்குநரின் கைபேசி உடனே ஒலித்தது. ஒப்புதல் கேட்டு மனு வந்திருந்தது. அவர் பழக்கதோஷத்தில் மேலே பார்த்தார். அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பொத்தானை அழுத்தினார்.

"இப்ப வேலை செய்யுதுங்க சார்" என்றான் இசக்கிராஜ்.