பேய்ப் படத்துக்கு மூன்று டிக்கெட்

"என்னைய விட்டுட்டு அந்த டீச்சரை மட்டும் ஏன் கூட்டிட்டுப் போறீங்க?"

மாசிலாமணி இதைக் கேட்டபோது வேதவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கம்மா. வெள்ளிக்கிழமை மத்தியானம். தியேட்டருக்கு."

"ஓ, அதுவா."

வேதவல்லி அந்த ஊரில் தியானம் கற்றுத் தருபவர். காவி கட்டியதில்லை. ஒரு கைத்தறிச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான் அவர். மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். ஜவுளிக்கடையை மகன்களிடம் கொடுத்துவிட்டு இவரிடம் வந்து சேர்ந்த முதல் சீடர். முதல் சீடர் என்பதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்.

தியான மடத்துக் கதவைத் திறக்கும் முன்பே வந்து வாசலில் நிற்பார். எல்லோரும் போன பிறகும் போகமாட்டார். பாயைத் தட்டுவார், சுருட்டுவார், மறுபடி விரித்துத் தட்டுவார். என்ன ஒரு பக்தி என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

"தியானம் சொல்லித் தார நீங்க பேய்ப் படம் பாக்கலாமாம்மா?"

"மத்தியானக் காட்சியில கூட்டம் கம்மி அண்ணாச்சி. காலை நீட்டி உக்காரலாம்."

"பாக்கக் கூடாதுன்னு சொல்லல. பாக்கிறதுன்னா எனக்குல்ல முதல்ல சொல்லியிருக்கணும்?"

வேதவல்லி ஒரு காம்பைக் கிள்ளி எறிந்தார்.

"உங்களுக்குப் பயம் ஏதும் இருக்கா?"

"எனக்கா?" மாசிலாமணி சிரித்தார். "இத்தனை வருஷம் உங்க கிட்ட உக்காந்திருக்கேன். எனக்கு என்ன பயம்?"

"அப்ப அங்க உங்களுக்கு என்ன வேலை?"

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல் அவர் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தியேட்டர். பேய்ப் படம் போட்டால்தான் ஆள் வருகிறது என்று முதலாளி கண்டுகொண்டதிலிருந்து வாராவாரம் அங்கே பேய்தான்.

ரெஜினா டீச்சர் மடத்துக்கு வந்து சேர்ந்தது போன மழைக்காலத்தில். ஒருமுறை ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாராம். அதிலிருந்து எந்தக் கதவைச் சாத்தினாலும் நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும். டாக்டர்கள் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. குளிக்கப் போனால்கூட வெளியே ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்த முதல் நாளே எல்லோர் முன்னாலும் அழுதார். "எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார்.

மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை. இப்படியா கூசாமல் சொல்வார்கள் என்று நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமையே அம்மா டீச்சரைத் தியேட்டருக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் மாசிலாமணிக்கு நரகம்தான். இரண்டு பெண்களும் சாயங்காலம் திரும்பி வருவார்கள். டீச்சருக்குத் தொண்டை கட்டியிருக்கும். எதையோ சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வந்ததும் டீச்சர் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுவார். ஒருநாள் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. உள்ளே பாட்டுச் சத்தமும் கேட்டது.

மடமே சந்தோஷப்பட்டது. மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது.

தியானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினால் மூச்சு தெரியவில்லை, தியேட்டர்தான் தெரிந்தது. இருட்டில் அம்மா டீச்சரின் காதருகே குனிகிறார். என்னவோ சொல்கிறார். தனக்கு இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார். டீச்சர் தலையாட்டுகிறார். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு முதுகை இன்னும் நிமிர்த்துவார். பார்ப்பவர்களுக்கு அவர் ஆழ்ந்த தியானத்தில் இருப்பதாகத் தோன்றும்.

ஒருநாள் டீச்சரைக் கிணற்றடியில் பிடித்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க டீச்சர். அங்க அம்மா உங்களுக்கு என்ன சொல்லித் தாராங்க?"

"ஒண்ணும் சொல்லித் தரலையே அண்ணாச்சி. கடலை வாங்கித் தருவாங்க."

"சும்மா சொல்லாதீங்க. பின்ன எப்படிச் சரியாச்சு உங்களுக்கு?"

டீச்சர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"வீட்டுல நெஞ்சு அடிச்சா எதுக்கு அடிக்குதுன்னு தெரியாது. எப்ப நிக்கும்னும் தெரியாது. அங்க பேய் வருது, அடிக்குது. பேய் போகுது, நிக்குது. இதே நெஞ்சுதானே, இதுக்கு நிக்கவும் தெரியுமேன்னு ஒருநாள் தோணுச்சு. அதுக்கப்புறம் வீட்டுல அடிச்சாலும், சரி அடிச்சு முடிக்கட்டும்னு இருக்கேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, அம்மா எப்பவும் மூணு டிக்கெட் எடுக்குதாங்க. மூணாவது சீட்டுல அவங்க பையை வைப்பாங்க. யாரையும் அதுல உக்கார விடமாட்டாங்க."

மாசிலாமணிக்குக் காதில் புகை வந்தது. பைக்கு டிக்கெட். முதல் சீடருக்கு இல்லை, பைக்கு.

அன்று முழுவதும் அந்தத் துணிப்பையை அவர் முறைத்துக்கொண்டே இருந்தார். அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேதவல்லி முன்னால் போய் நின்றார்.

"நான் போறேம்மா."

"எங்க?"

"எங்கேயோ போறேன். நேத்து வந்தவங்களுக்குக் குடுக்கிறதை எனக்குக் குடுக்க மனசு வரலல்ல உங்களுக்கு? அந்தப் பைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லல்ல?"

கடை வைத்திருந்த காலத்தில் யாரிடமும் இப்படி நின்றதில்லை.

வேதவல்லி அவரை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வீட்டுக்குத்தானே போறீங்க?"

மாசிலாமணி பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாயைக் கீழ வைங்க. வெள்ளிக்கிழமை நீங்களும் வாங்க."

வெள்ளிக்கிழமை மாசிலாமணி மாப்பிள்ளை போலச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

தியேட்டரில் அம்மா நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ரெஜினா டீச்சர். மறுபக்கத்து இருக்கையில் வழக்கம்போலப் பையை வைத்தார். மாசிலாமணி நின்றுகொண்டே இருப்பதைக் கண்டு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பழைய மில் குவார்ட்டர்ஸ், மழை, யாருமில்லாத வராந்தா. வயலின் கிறீச்சிட்டது.

மாசிலாமணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கற்றவர் அல்லவா. முதுகை நிமிர்த்தினார், கையை மடியில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

சுற்றிலும் கத்தினார்கள். கதவு அறைந்தது. ஏதோ இழுபட்டது. பக்கத்தில் அம்மா கத்துவதும் கேட்டது. டீச்சருக்குத் துணையாகக் கத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்தால் அசைந்ததாகிவிடும் என்று துடைக்கவில்லை.

இடைவேளை.

வெளியே டீயும் தட்டையும் வாங்கிக்கொண்டு மூவரும் சுவரோரம் நின்றார்கள்.

"எப்படி அண்ணாச்சி?" என்றார் வேதவல்லி.

"நான் ஆடலை அசையலை. நீங்க பாத்திருப்பீங்களே."

"பாத்தேன். பேய் என்ன உடுத்தியிருந்துச்சு?"

மாசிலாமணி ஒரு வாய் டீ குடித்தார்.

"வெள்ளைச் சேலை."

ரெஜினா டீச்சருக்குப் புரையேறியது. "அது ஆம்பளைப் பேய் அண்ணாச்சி. மில்லு வாட்ச்மேன். கட்டம் போட்ட சட்டை போட்டிருக்கான்."

வேதவல்லி சிரிக்கவில்லை.

"அப்ப அரைப் படமா நீங்க யாரைப் பாத்துட்டு இருந்தீங்க?"

மாசிலாமணியின் கையில் டீ ஆறியது. வெள்ளைச் சேலையில் அவர் பார்த்தது யாரை என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய் வந்தது பழைய புகாருக்குத்தான்.

"அதை விடுங்க. நீங்க இவங்களுக்கு இருட்டுல என்ன சொல்லிக் குடுக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரி. பாதி படம் இருக்கு. நீங்க திரையைப் பாக்க வேண்டாம். கண்ணைத் திறந்து எங்களைப் பாருங்க."

மணி அடித்தது.

மாசிலாமணி திரைக்கு முகம் கொடுக்காமல் ஒருக்களித்து உட்கார்ந்தார். இன்றைக்கு விடுவதில்லை என்று இருந்தார்.

வெகுநேரம் அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து விழுந்து அணைந்தது.

பிறகு வயலின் மெல்ல ஆரம்பித்தது. வேதவல்லி இரண்டு கால்களையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டார். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். ஒரு கை டீச்சரின் கையைத் தேடிப் பிடித்தது. டீச்சர் அவர் கையைப் பிடிக்கவில்லை, அவர்தான் டீச்சரின் கையைப் பிடித்திருந்தார், வளையல் அழுந்தும்படி.

மாசிலாமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எம்மா," என்று கத்தினார் வேதவல்லி. தியேட்டரிலேயே அதுதான் பெரிய சத்தம். முந்தானை வாயிலிருந்து விழுந்தது. அடுத்த நொடி டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். மறுபடி வயலின். மறுபடி கால் மேலே ஏறியது.

உபதேசமும் இல்லை, ரகசியமும் இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமைகள் தன் வயிற்றை எரித்தது இந்த ஒரு கைப்பிடிதானா என்று மாசிலாமணிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஏமாற்றத்தோடு ஏமாற்றமாக இன்னொன்றும் இருந்தது. அந்தக் கை தன் கையாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

அம்மாவே பயப்படும்படி அங்கே என்னதான் இருக்கிறது?

திரும்பித் திரையைப் பார்த்தார்.

ஒரு படுக்கையறை. விரித்த மெத்தையோடு ஆளில்லாத கட்டில். மூலையில் ஒரு மர பீரோ. பீரோவின் கதவு தானாகத் திறந்துகொண்டது.

"கோமு," என்று அலறினார் மாசிலாமணி.

பேய் வெளியே வந்து, எல்லோரும் கத்தி முடித்த பிறகும் அவர் மட்டும் அதே பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். பின் வரிசையில் ஒருவன், "வாட்ச்மேன் பேரு கோமுவாம்ல," என்றான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. வேதவல்லி சிரித்தார். டீச்சர் சிரித்தார். மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, அது நிற்கவில்லை.

தன் கை எதையோ பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் கண்டார். அம்மாவின் மடியிலிருந்த பையின் காதைப் பிடித்திருந்தார்.

படம் முடிந்து விளக்கு வந்தது. ஆட்கள் எழுந்து போனார்கள். மாசிலாமணி எழவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"படமா?"

"வீடு."

அவரே சொன்னார்.

"என் வீட்டுக்காரி கோமு செத்துப் போனதுலேருந்து. எல்லா ரூம்லயும் லைட்டைப் போட்டு வைக்கேன். அவ பீரோ இருக்கிற ரூமுக்குள்ள நான் போனதே இல்லை. பயலுவகிட்ட சொன்னா சிரிப்பானுவ. அதான் உங்க மடத்துலயே விழுந்து கிடக்கேன். பக்தியெல்லாம் ஒண்ணும் கிடையாது."

ரெஜினா டீச்சர் எழுந்து வந்து அவருடைய மறுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் பழைய எரிச்சல் கொஞ்சம் திரும்பி வந்தது.

"இது உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு. அப்புறம் ஏன் என்னைய முதல்லயே கூட்டிட்டு வரலை?"

"டிக்கெட் எடுத்தேனே அண்ணாச்சி. ஒவ்வொரு வாரமும் எடுத்தேன்."

"எடுத்துட்டு? பையை உக்கார வச்சீங்க."

"நீங்க பயமே இல்லைன்னு சொல்லிட்டீங்க," என்றார் வேதவல்லி. "பயமே இல்லாத ஆளு பக்கத்துல உக்காந்து நான் எப்படிக் கத்துறது?"