கொசுறு கொடுத்தால் நாடு கடத்தல்

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே தாழையூர் நாட்டை வேழமுடி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம் போடுகிற ஆசாமி. கடைசியாகக் காதில் ஊதியது யாரோ, அவர் சொல்தான் வேதவாக்கு.

ஒருநாள் ஊதியவர் பொக்கிஷ அதிகாரி வச்சிரபாலர். "பிரபு, நம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலையைச் சும்மா கொடுக்கிறார்கள். கொசுறாம்! விலையில்லாமல் பொருள் கைமாறினால் நாடு எப்படிச் செழிக்கும்? அறம் கோயிலோடு இருக்கட்டும், சந்தையில் அதற்கென்ன வேலை?"

ராஜாவுக்கு அது மகா ஞானமாகத் தோன்றிவிட்டது. "கூலிக்கும் விலைக்கும் மேலே யார் எதைக் கொடுத்தாலும் நாடு கடத்தல்!" என்று முரசறைந்தார்கள்.

மறுநாளே கீரைக்காரி மருதாயி பிடிபட்டாள். பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ஒரு பிடி முருங்கைக்கீரை கூடுதலாகப் போட்டுவிட்டாள், பழக்கதோஷம். "கை தானா போயிருச்சு சாமி. வீடு வாசலை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்று சபையில் நின்று அழுதாள்.

மந்திரி அழகியநம்பி எழுந்தார். "சட்டம் சட்டம்தான் பிரபு. ஆனால் இவளை மட்டும் அனுப்பினால் ஓரவஞ்சனை ஆகிவிடும். முன்பே இந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள்."

"எப்போது செய்திருந்தாலும் குற்றம்தான், வரட்டும்!" என்றார் வச்சிரபாலர். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார், பாவம்.

கிணறுவெட்டி மாடக்கண்ணு வந்தான். "ஊர்க் கிணத்துக்கு இருபது முழத்துக்குத்தான் கூலி. மனசு கேக்கல. இன்னும் ஆறு முழம் தோண்டினேன்." மூன்று வருஷப் பஞ்சத்திலும் வற்றாத கிணறு அது. ராஜா அதைத் தன் ஜாதக விசேஷம் என்றே நினைத்திருந்தார்!

ஏரிக்கரை கட்டிய கொத்தன் சொன்னான்: "நாலு வரிசைக் கல்லுக்குத்தான் கூலி. அஞ்சாவது நானா வச்சது." போன வெள்ளம் அந்த ஐந்தாவது வரிசையில் முட்டித்தான் நின்றது.

மருத்துவச்சி வந்தாள். "ராணியம்மா பிரசவத்துக்குக் கூலி வாங்கினேன். பிள்ளை அழல. வேலை முடிஞ்சுதுன்னு எந்திரிக்காம, அழற வரைக்கும் மூச்சு ஊதினேன்." ராஜா மடியிலிருந்த மகளை இறுக அணைத்துக்கொண்டார்.

பிறகு சமையல்காரர், காவலர், விசிறி வீசுகிறவன், மந்திரி என்று ஒவ்வொருவராக மருதாயி பக்கம் போய் நின்றார்கள். சபையே காலி.

ராஜாவுக்கு மெய்சிலிர்த்தது. "ஐயோ, எவ்வளவு பெரிய செல்வம்! இதுவா இத்தனை காலமும் என் நாட்டைத் தாங்கியது? வச்சிரபாலரே, அந்த ஆறு முழத்துக்கும் அந்த மூச்சுக்கும் விலை சொல்லும்!"

வச்சிரபாலர் இடுப்பிலிருந்த பொக்கிஷச் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீர் கேட்ட நாடு தயார். கூலிக்கு மேலே கொடுக்காதவர்கள் இங்கே பாக்கி நீரும் நானும்தான். நானும் இறங்கிவிடுகிறேன், தாராளமாக ஆளும்!" என்ற ராஜா, அந்தச் சாவியைப் பிடுங்கி மந்திரியிடம் கொடுத்தார். சட்ட ஓலையைக் கிழித்தெறிந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து மருதாயி முன்னால் நின்றார்.

"தாயே, நான் யாருக்கும் எதையும் கூடுதலாகக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை. உங்கள் வரிசையில் நிற்க எனக்கு யோக்கியதை உண்டா?"

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"நில்லுங்க ராசா. இனிமே குடுக்காமலா போயிருவீங்க?"