வாலாட்டிக்கு வந்த இரண்டு அழைப்புகள்

மலையடிவாரக் குளக்கரையில் ஒரு மருத மரம். அதன் பொந்தில் கொறிச்சி என்ற அணில் வசித்தது. ஒவ்வொரு பனிக்காலத்திலும் வடக்கே குளிர் தாங்காமல் மின்னி என்ற வாலாட்டிக் குருவி அங்கே பறந்து வரும். கோடை வரும்வரை கொறிச்சியின் பொந்தில்தான் தங்கும்.

இந்த முறையும் கொறிச்சி பொந்தைச் சுத்தம் செய்து, புதுப் பஞ்சு பரப்பியது. அழுகிய அத்திப்பழங்களை வாசலில் போட்டு வைத்தது. அவற்றை மொய்க்கும் ஈக்கள் மின்னிக்குப் பெரிய விருந்து!

மின்னி வந்தது. ஆனால் நேராகப் பொந்துக்கு வரவில்லை. எதிர்க்கரைப் பாறையில் இறங்கி, சாம்பன் என்ற முயலோடு வெகுநேரம் பேசிச் சிரித்தது. பார்த்துக்கொண்டிருந்த கொறிச்சிக்கு வயிறு எரிந்தது.

‘எனக்குத் தெரியாமல் அவனோடு என்ன சிரிப்பு?’

ஒருவழியாக மின்னி வந்து சேர்ந்தது.

“கொறிச்சி அக்கா! சாம்பண்ணன் புதுசா ஒரு பாறைக் குகை பிடிச்சிருக்கார். காலை வெயில் நேரா உள்ளே விழுது! என்னையும் தங்க வரச் சொல்றார். நான் என்ன நினைக்கிறேன்னா...”

கொறிச்சி அதைப் பேசி முடிக்க விடவில்லை.

“அந்தக் குகையா? ஐயோ, அதுல நல்ல பாம்பு இருக்கு! என் கண்ணால பார்த்தேன்!”

ஆடிக்கொண்டிருந்த மின்னியின் வால் அப்படியே நின்றது.

“பாம்பா! ஐயையோ, சாம்பண்ணனுக்குத் தெரியாதே!”

மின்னி பறந்து போய், குகைக்கு மேலே வட்டமிட்டபடியே விஷயத்தைக் கத்திச் சொன்னது. பதறிப்போன சாம்பன் தன் குட்டிகளை இழுத்துக்கொண்டு முள்புதருக்குக் குடிபோனது. கொறிச்சி அதைப் பார்த்தது. மனம் லேசாக உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மின்னி இப்போது தனக்கு மட்டும்தானே!

அப்படியும் அதற்கு நிம்மதி இல்லை. “பாவம் சாம்பண்ணன், குட்டிகளோட குளிர்ல கிடக்கிறார்” என்று மின்னி அடிக்கடி வருத்தப்படும். ஒவ்வொரு முறையும் கொறிச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பிற்பகலில் பேய்மழை பிடித்தது. காற்றில் மருத மரம் சடசடவென்று பிளந்தது. பொந்துக்குள் தண்ணீர் கொட்டியது. இரண்டும் வெளியே ஓடின.

“மின்னி, குகைக்குப் போயிடலாம் வா!”

“பாம்பு இருக்கே!”

“இல்லை!”

“நீதானே பார்த்தேன்னு சொன்னே?”

“பொய் சொன்னேன்! நீ அங்கே போயிடுவியோன்னு பொறாமை!”

மின்னியின் இறகுகள் நனைந்து பறக்க முடியாமல் தொங்கின.

“அன்னைக்கு இருக்குன்னே. இன்னைக்கு இல்லைங்கிறே. உன்னை எப்படி நம்பறது?”

கொறிச்சி மழையில் பாய்ந்தோடிக் குகைக்குள் தனியாக நுழைந்தது. பின்னாலேயே தத்தி வந்து வாசலில் நின்ற மின்னிக்கு, மூலை முடுக்கெல்லாம் புரண்டு காட்டியது. பிறகு முள்புதருக்கு ஓடி, உண்மையைச் சொல்லி முயல்களை அழைத்து வந்தது. அதன் பிறகுதான் மின்னி தத்தித் தத்தி உள்ளே வந்தது.

சாம்பன் குட்டிகளின் முதுகில் குத்தியிருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்தது.

“நாங்க அங்கே கிடந்ததை நீ தினமும் பார்த்துக்கிட்டுதானே இருந்தே?” என்று கேட்டது.

கொறிச்சி தலைகுனிந்தது. வெளியே போகத் திரும்பியது.

“மழையில எங்கே போறே? இங்கேயே ஒரு ஓரமா உட்காரு” என்றது சாம்பன்.

மின்னி மெல்லச் சொன்னது: “அக்கா, பாதிப் பனிக்காலம் உன்கூட, பாதி சாம்பண்ணன்கூடன்னுதான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீ காது கொடுக்கவே இல்லையே!”

மழை விட்டதும் கொறிச்சி வேறு மரத்தில் பொந்து தேடிக்கொண்டது. “இங்கேயும் வாயேன்” என்று மின்னியைக் கூப்பிட்டுப் பார்த்தது. மின்னி வரவில்லை. மீதிப் பனிக்காலம் முழுவதையும் குகையிலேயே கழித்துவிட்டு, வடக்கே பறந்து போனது.

நட்பு தனக்கு மட்டுமே வேண்டும் என்று பொறாமைப்படுகிறவர், தமக்குக் கிடைக்கவிருந்த பங்கையும் இழந்துவிடுவார்.